ஆளில்லாத காரை முடுக்கும் சின்னப் பெட்டி

பிற்பகல் இரண்டரை மணி. வெயிலில் நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறக்கிறீர்கள். முகத்தில் அனல் அடிக்கிறது. இருக்கை சுடுகிறது. இடைவாரின் உலோகக் கொக்கியை விரலால் தொட முடியவில்லை. எஞ்சினை முடுக்கி, ஏர்கோனைத் திறந்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, உள்ளே ஏறுவதற்கு வெளியே காத்து நிற்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த யாருக்கும் இதை விவரிக்கத் தேவையில்லை.

கார் ஏன் இவ்வளவு விரைவில் சூடாகிறது? சூரிய ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே போகிறது. இருக்கையும் டேஷ்போர்டும் அதை உறிஞ்சிச் சூடாகி, தம்மை ஒட்டிய காற்றைச் சூடாக்குகின்றன. திறந்த வெளியில் சூடான காற்று மேலே எழும்பிப் போய்விடும். மூடிய காருக்குள் அது எங்கும் போக முடியாது. 2005-ஆம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதை அளந்து காட்டியது. அந்த உயர்வில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

இந்த அவதிக்கு ஒரு தீர்வு விற்பனைக்கு இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தபடியே கையடக்கக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால், வெளியே நிற்கும் காரின் எஞ்சின் தானாக முடுங்கி, ஏர்கோன் ஓடத் தொடங்கும். இதற்குத் 'தொலைமுடுக்கி' என்று பெயர். ஹோண்டா சிட்டி, புரோட்டோன் எக்ஸ்50 போன்ற வண்டிகளின் சில வகைகளில் இது தொழிற்சாலையிலேயே வருகிறது. கனடாவிலும் வட அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் இதைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நமக்குக் காரைக் குளிர்விக்க வேண்டும்; அவர்களுக்கோ உறைந்து கிடக்கும் காரைச் சூடாக்கி, முன்கண்ணாடியில் படிந்த பனியை உருக்க வேண்டும்.

பழைய காரில் இந்த வசதி இல்லையென்றால், உதிரி அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தச் சொல்லலாம். அந்தப் பெட்டி என்ன செய்கிறது, அது ஏன் ஆட்டோ கியர் வண்டிகளுக்கு மட்டும் ஏற்றது, எங்கே உயிருக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். இதை நீங்களே பொருத்தக் கற்றுக்கொடுப்பது இந்தக் கட்டுரையின் வேலையன்று. ஆனால் நாளை உங்கள் அப்பா இதைப் பொருத்த நினைத்தால், பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று சரியான கேள்விகளைக் கேட்க உங்களால் முடியும்.

சாவி திரும்பும்போது நடப்பது

சாவியைத் திருகி முடுக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பழைய மைவி ஆட்டோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாவித் துளைக்கு நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் எல்லாம் அடைபட்டிருக்கும். இரண்டாவது நிலையில் வானொலி போன்ற துணைக் கருவிகளுக்கு மின்சாரம் கிடைக்கும். மூன்றாவதில் எரிபொருள் பம்பு, தீப்பொறிச் சுருள், காரின் கணினி ஆகியவை விழித்துக்கொள்ளும். நான்காவது நிலை, விரலை எடுத்ததும் தானாகத் திரும்பி வரும் நிலை. அதில்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல்கிறது.

அடுத்த முறை வீட்டுக் காரை முடுக்கும்போது கவனித்துப் பாருங்கள். வானொலி பாடிக்கொண்டிருந்தால், எஞ்சின் 'கிர்ர்' என்று சுற்றும் அந்த ஒரு நொடி மட்டும் அது வாயை மூடிக்கொள்ளும். மின்கலத்தின் முழு பலமும் ஸ்டார்ட்டருக்குத் தேவை என்பதால், நான்காவது நிலையில் துணைக் கருவிகளின் மின்சாரம் வேண்டுமென்றே துண்டிக்கப்படுகிறது.

ஆக, சாவி என்பது சில மின்கம்பிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் இணைத்தும் பிரித்தும் விடும் ஒரு சுவிட்ச்தான். தொலைமுடுக்கிப் பெட்டியின் அடிப்படை வேலையும் அதுவே. சாவித் துளைக்குப் பின்னால் வரும் அதே கம்பிகளில் இணைந்து, உங்கள் கை செய்யும் வேலையை அதே வரிசையில் செய்கிறது. முதலில் மூன்றாம் நிலைக் கம்பிக்கு 12 வோல்ட் கொடுக்கிறது. எரிபொருள் குழாயில் அழுத்தம் ஏறச் சில நொடிகள் பொறுக்கிறது. பிறகு ஸ்டார்ட்டர் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கிறது. எஞ்சின் பற்றிக்கொண்டதும் அதை நிறுத்தி, துணைக் கருவிகளின் கம்பியை இயக்குகிறது. ஏர்கோன் ஓடத் தொடங்குகிறது.

விரல்நுனிப் பெட்டி, 150 ஆம்பியர்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிறிய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது ஏறக்குறைய 150 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மின்கலத்தின் அழுத்தம் அப்போது 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். மின்திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கிய அளவு. 10 × 150 = 1,500 வாட். ஒரு மின்கெண்டியின் திறனை ஒத்தது இது. ஆனால் தொலைமுடுக்கியின் மூளையான சில்லு வெளியிடக்கூடிய மின்னோட்டம் ஒரு சில மில்லியாம்பியர் மட்டுமே. எறும்பு யானையை நகர்த்துவது எப்படி?

படிப்படியாகத்தான். சில்லின் மில்லியாம்பியர் ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. டிரான்சிஸ்டர் ஒரு ரிலேயின் கம்பிச்சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை விடுகிறது. படிவம் ஐந்தில் மின்காந்தம் படித்திருப்பீர்கள். சுருள் காந்தமாகி ஒரு சிறு இரும்புத் தகட்டை இழுக்கும், அது கெட்டியான செப்பு முனைகளை இணைக்கும். அந்த முனைகள் வழியாக 10 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டு என்ற பெரிய மின்காந்தத்துக்குப் போகிறது. சோலனாய்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு சிறிய பற்சக்கரத்தை முன்னே தள்ளி எஞ்சினின் பெரிய பற்சக்கரத்தோடு கோக்கிறது. கூடவே, மின்கலத்தையும் மோட்டாரையும் தடித்த கம்பி வழியாக நேரடியாக இணைக்கிறது. அங்கேதான் 150 ஆம்பியர் பாய்கிறது. சாவியைத் திருகும்போது உங்கள் கைக்கருகில் அந்தப் பெரிய மின்னோட்டம் வருவதே இல்லை.

மின் ஸ்டார்ட்டரைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங். 1912-ஆம் ஆண்டின் கெடிலாக் கார்களில் அது முதலில் வந்தது. அதற்குமுன் காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கை எலும்பு முறியும். கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் கல்லாப்பெட்டியை மின்சாரத்தால் இயங்க வைத்தவர். கல்லாவைத் திறக்க ஒரு கணம் மட்டும் பெரும் விசை போதும். நாள் முழுதும் ஓடும் மோட்டார் வேண்டியதில்லை. சில நொடிகளே வேலை செய்யும் சிறிய மோட்டார் தன் அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கும் என்ற அந்தப் பாடத்தைத்தான் காரிலும் பயன்படுத்தினார். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அரை நிமிடம் ஓட்டினால் அது கருகிவிடும் என்பதற்கும் காரணம் இதுவே.

ஏன் ஆட்டோவுக்கு மட்டும்?

கைக்கியர் காரில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருப்பது கிளட்ச். மிதியை அழுத்தாதபோது எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கெட்டியாகச் சேர்ந்திருக்கும். மேட்டில் நிறுத்தும்போது கார் உருளாமல் இருக்க, முதல் கியரைப் போட்டுவிட்டு இறங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படி நிற்கும் காரின் தொலைமுடுக்கியை அழுத்தினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றவைக்கும். முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 14 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 14 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால், கார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டர் நகரும். இரண்டு நொடி முடுக்கினால் முக்கால் மீட்டருக்கு மேல். இது எஞ்சின் பற்றிக்கொள்ளாமல், வெறும் ஸ்டார்ட்டர் தள்ளும் தூரம். எஞ்சின் பற்றிக்கொண்டு நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடத் தொடங்கினால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். நீங்கள் விரைந்து நடக்கும் வேகம். ஒரு டன் எடையுள்ள இரும்பு, ஓட்டுநர் இல்லாமல், வீட்டு வாசலில் அந்த வேகத்தில் வருவதை நினைத்துப் பாருங்கள். கேட்டுக்கு அருகில் தம்பி சைக்கிளோடு நின்றால் என்ன ஆகும்?

ஆட்டோ காரில் நிலைமை வேறு. வழக்கமான ஆட்டோ கியரில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கெட்டியாக இணைவதில்லை. நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு கலம் இருக்கிறது. மேசை விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதே தத்துவம், காற்றுக்குப் பதில் எண்ணெய். ஆனாலும் இந்தக் கலம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. 'டி' நிலையில் பிரேக்கை விட்டால் ஆட்டோ கார் மெல்ல ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் வழியாகவும் விசை கடக்கிறது.

உண்மையான காவலர்கள் வேறு இருவர். ஒருவர், 'பி' நிலையில் கியர்ப்பெட்டியின் வெளியேறு தண்டிலுள்ள பற்சக்கரத்தின் இடுக்கில் விழும் உலோகக் கொக்கி. அது விழுந்தால் சக்கரங்களுக்குப் போகும் தண்டு பூட்டப்பட்டுவிடும். எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் கார் நகராது. மற்றவர், கியர்க் கோலோடு சேர்ந்து நகரும் தடுப்புச் சுவிட்ச். 'பி' அல்லது 'என்' நிலையில் மட்டுமே அது மூடியிருக்கும். ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்குப் போகும் மின்சுற்றில் அது தொடர் இணைப்பாக அமைந்திருக்கிறது. தொடர் இணைப்பில் ஓரிடம் அறுந்தால் முழுச் சுற்றும் அறுந்தது போலத்தான். கியர் 'டி'யில் இருந்தால், தொலைமுடுக்கிப் பெட்டி என்ன கட்டளையிட்டாலும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போய்ச் சேராது.

'என்' நிலையில் சுவிட்ச் மூடியிருக்கிறது, ஆனால் கொக்கி விழவில்லை என்பதையும் கவனித்தீர்களா? சரிவில் 'என்' நிலையில் நிற்கும் கார், எஞ்சின் முடுங்கினாலும் முடுங்காவிட்டாலும் உருளக்கூடியது. அதனால் நல்ல பெட்டிகள் கைப்பிரேக்கின் கம்பியையும் பார்க்கின்றன.

கைக்கியர் காருக்கும் தொலைமுடுக்கி விற்கிறார்கள். அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஓட்டுநர் கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். பிறகுதான் பெட்டி எஞ்சினை அணைக்கும். கியரில் இருந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இறங்க முடியாது என்பதால், கார் நடுநிலையில்தான் இருக்கிறது என்று பெட்டி முடிவு செய்கிறது. இடையில் கதவு திறந்தால் அந்த அனுமதி ரத்தாகும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் கதவுச் சுவிட்ச் ஒன்று பழுதானால் முழுப் பாதுகாப்பும் போய்விடும். என்னைக் கேட்டால், கைக்கியர் காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

பெட்டியின் கண்ணும் காதும்

நீங்கள் சாவியைத் திருகும்போது எஞ்சின் பற்றிக்கொண்டதைக் காதால் கேட்டு விரலை எடுக்கிறீர்கள். பெட்டிக்குக் காது கிடையாது. அதனால் எஞ்சினின் சுழல்வேகத்தைச் சொல்லும் மின்துடிப்புகளை அது எண்ணுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது நிமிடத்துக்கு 200. பற்றிக்கொண்டதும் 700-க்கு மேல் பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்டதும் ஸ்டார்ட்டரை விடுவிக்கிறது. மலிவான பெட்டிகள் மின்கல அழுத்தத்தை மட்டும் பார்க்கும். நிற்கும் காரில் 12.6 வோல்ட்; எஞ்சின் ஓடி மின்னாக்கி வேலை செய்யத் தொடங்கினால் 14 வோல்ட் அளவுக்கு ஏறும். இந்த முறையில் பிழை வர வாய்ப்பு அதிகம். மின்கலம் பழசானால் அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் மாறிவிடும்.

பிரேக் விளக்கின் கம்பியையும் பெட்டி கவனிக்கிறது. சாவி இல்லாத ஒருவர் கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தால், உடனே எஞ்சின் அணைந்துவிடும். ஆட்டோ காரைப் 'பி'யிலிருந்து நகர்த்தப் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும் என்பதால், இது திருடனுக்கு வைத்த நல்ல பொறி.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது போனட்டின் ஓரத்தில் பொருத்தும் ஒரு குமிழ்ச் சுவிட்ச். போனட் மூடியிருந்தால் குமிழ் அமுங்கியிருக்கும். போனட்டைத் திறந்தால் குமிழ் மேலே எழும்பி, பெட்டிக்கு 'முடுக்காதே' என்று சொல்லும். ஒருவர் போனட்டைத் திறந்து எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்குள் யாரோ பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? பெல்ட்டும் விசிறியும் அவர் விரல்களுக்கு அருகில் திடீரென்று சுழலத் தொடங்கும். அதைத் தடுப்பது இந்தச் சிறு சுவிட்ச் மட்டுமே. விலை குறைக்கும் பட்டறைகள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான். ஏனென்றால் இது இல்லாமலும் எஞ்சின் முடுங்கும்.

இதில் நுட்பமான ஒரு பலவீனமும் உண்டு. பெரும்பாலான போனட் சுவிட்சுகள், திறக்கும்போது மின்சுற்றை மூடும் வகை. நம் ஊர் மழையிலும் ஈரத்திலும் அதன் முனை துருப்பிடித்தால், போனட்டைத் திறந்தாலும் சுற்று மூடாது. பெட்டியோ போனட் மூடியிருக்கிறது என்றே நம்பும். கம்பி அறுந்தாலும் அதே கதைதான். மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடுவதாகவும், திறந்தால் அறுவதாகவும் அமைத்திருந்தால், துருவும் அறுந்த கம்பியும் 'திறந்திருக்கிறது' என்ற சேதியையே தரும். கார் முடுங்காது, யாருக்கும் காயம் வராது. பழுதானாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்பது பொறியியலில் பெரிய கொள்கை. ஒரு சென் கூடுதல் செலவில்லாத இந்த மாற்றத்தைப் பல தயாரிப்பாளர்கள் செய்வதில்லை.

பேசும் சாவி

இந்தக் கம்பிகளை எல்லாம் சரியாக இணைத்த பிறகும் சில கார்கள் முடுங்கா. இரண்டு நொடி ஓடி அணைந்துவிடும். காரணம், சாவியின் தலைக்குள் இருக்கும் அரிசிமணி அளவுச் சில்லு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களில் இந்தத் திருட்டுத் தடுப்பு கட்டாயம். சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது மாறும் காந்தப் புலத்தை உண்டாக்க, சாவிக்குள் இருக்கும் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. சில்லுக்குத் தனி மின்கலம் தேவையில்லை; பேருந்து, ரயில் பயண அட்டைகளும் இதே போலத்தான் இயங்குகின்றன. விழித்துக்கொண்ட சில்லு தன் இரகசிய எண்ணைச் சொல்கிறது. கணினி அதை ஏற்றால்தான் எரிபொருள் தொடர்ந்து பாயும்.

சாவியே இல்லாமல் முடுக்கும் பெட்டி இதை எப்படிச் சமாளிக்கிறது? நல்ல முறை, காரின் கணினியோடு தரவுக் கம்பி வழியாகப் பேசி அடையாளம் காட்டும் ஒரு துணைக் கருவி. மலிவான முறை, மாற்றுச் சாவி ஒன்றை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்து, அதைச் சுற்றி ஒரு சுருளைப் போடுவது. இரண்டாவது முறையில் உங்கள் காரின் சாவி எப்போதும் காருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கால்மிதியடியின் கீழ் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கையடக்கக் கருவியிலிருந்து போகும் சேதி வானொலி அலை. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் இதற்கு 433.92 மெகாஹெர்ட்ஸ் பரவலாகப் பயன்படுகிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அனுப்பும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று ஒருமுறை பதிவு செய்தவர் மறுமுறை அதையே ஒலிபரப்பிக் காரைத் திறந்துவிடுவார்.

போர்ச்சில் நிற்கும் கார்

நம் தாமான்களில் வரிசை வீடுகளைப் பாருங்கள். பலர் காரைப் பின்பக்கமாக ஓட்டி வந்து போர்ச்சில் நிறுத்துகிறார்கள், காலையில் நேராக வெளியேற வசதி என்பதற்காக. அப்போது புகைக்குழாய் எதைப் பார்த்து நிற்கிறது? வரவேற்பறையின் சன்னலை.

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. காரின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி அதைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடும்; ஆனால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடான பிறகுதான் அது சரிவர வேலை செய்யும். தொலைமுடுக்கி எப்போதும் குளிர்ந்த எஞ்சினையே முடுக்குகிறது. ஆகவே, நச்சு மிக அதிகமாக வரும் அந்த முதல் நிமிடங்கள், கார் நகராமல் உங்கள் சன்னலுக்கு நேராக நிற்கும் நிமிடங்களாக அமைந்துவிடுகின்றன.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இதைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு இழுக்கிறோம், ஆனால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியவில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. அமெரிக்காவில் பொத்தான் முடுக்கிக் கார்களை மூடிய கொட்டகையில் அணைக்க மறந்துவிட்டு உறங்கச் சென்றவர்களில், 2006 முதல் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டதாக 2018-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. அவர்கள் கார்களில் தொலைமுடுக்கி இருந்தது என்பதல்ல செய்தி. ஆளில்லாத காரில் எஞ்சின் ஓடுவதை வீட்டுக்குள் இருப்பவர் அறியாமல் போவது எவ்வளவு எளிது என்பதே செய்தி. சட்டைப்பையில் கிடக்கும் கருவியின் பொத்தான் தவறுதலாக அழுந்தினாலும் இதே நிலைதான்.

இதனால்தான் தொலைமுடுக்கிகள் 10 அல்லது 15 நிமிடத்தில் எஞ்சினைத் தாமே அணைக்கும்படி அமைக்கப்படுகின்றன. இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 'ஏர்கோன் ஓடுகிறதே' என்று குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குள் போகும் பெரியவர்களுக்கு இது தெரியாது. நேரம் முடிந்ததும் எஞ்சின் சத்தமில்லாமல் அணையும். அதன்பிறகு தொடக்கத்தில் சொன்ன அந்த 22 டிகிரி ஏற்றம் ஆரம்பமாகும்.

எரிபொருள் செலவையும் பார்த்துவிடுவோம். ஏர்கோனோடு நின்றபடி ஓடும் சிறிய கார் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வரும். ஆக ஒருமுறை குளிர்விக்க மூன்றில் ஒரு கிலோவுக்கு மேல். சிங்கப்பூரில், போக்குவரத்து நிலைமை தவிர வேறு காரணங்களுக்காக நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை ஓடவிடுவதே குற்றம். கதவுகளைத் திறந்து அரை நிமிடம் சூடான காற்றை வெளியேற்றிவிட்டு, ஓடும்போது ஏர்கோனைத் திறந்தால் கார் இன்னும் விரைவாகக் குளிரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடும்போதுதான் ஏர்கோனின் அமுக்கி வேகமாகச் சுழல்கிறது, முன்புறக் குளிர்விப்பானுக்கும் நல்ல காற்று கிடைக்கிறது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

நல்ல மெக்கானிக் முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார். காற்றுப்பையின் மின்சுற்றிலுள்ள மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது வடிய வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறையிட்ட கம்பிகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றை அவர் தொடவே மாட்டார். கம்பிகளை அடையாளம் காண விளக்குப் பொருத்திய சோதனைக் குச்சியைப் பயன்படுத்தாமல், இலக்க மல்டிமீட்டரைப் பயன்படுத்துவார். விளக்கு எரியத் தேவையான மின்னோட்டமே தவறான கம்பியில் காற்றுப்பையை வெடிக்கவைக்கவோ, காரின் கணினியைக் கெடுக்கவோ போதும். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. இணைப்புகளை முறுக்கிப் பசைநாடா சுற்றுவதோடு நிறுத்தாமல் ஈயப்பற்று வைப்பார். ஸ்டார்ட்டர் கம்பியில் தளர்ந்த இணைப்பு இருந்தால் அங்கே மின்தடை கூடும், வெப்பம் கூடும், தீப்பிடிக்கவும் கூடும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை கட்டாயம் உண்டு. காரின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை முடுக்காமல் சாவியை மூன்றாம் நிலைக்குத் திருப்பி, கியரை 'டி'யில் வைப்பார். வலது காலைப் பிரேக்குக்கு மேலே வைத்திருப்பார், ஆனால் மிதிக்க மாட்டார். மிதித்தால் பெட்டி அந்தக் காரணத்துக்காகவே முடுக்க மறுத்துவிடும். கியர்ச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பது தெரியாமல் போகும். இப்போது தொலைமுடுக்கியை அழுத்த வேண்டும். ஸ்டார்ட்டர் ஒரு முனகல்கூட எழுப்பக் கூடாது. பிறகு கியரைப் 'பி'க்கு மாற்றி, போனட்டைத் திறந்துவைத்து, கைகளைத் தள்ளி வைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் அமைதியாக இருக்க வேண்டும். போனட் சோதனையை மாதம் ஒருமுறை வீட்டிலேயே செய்யலாம்; துரு எப்போது பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டில் எந்தச் சோதனையில் ஸ்டார்ட்டர் சுழன்றாலும், உடனே பிரேக்கை மிதித்துச் சாவியை அணைத்துவிட்டு, பெட்டியின் உருகியைக் கழற்றி வைத்த பிறகே அந்தக் காரைப் பட்டறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.